பட்டம் பெற்றோர் கணக்கை எழுதும் கை எவருடையது?

கல்லூரிக்குள் நுழைகின்ற பிள்ளைகளை இந்நாடு தலைதலையாய் எண்ணுகின்றது. இடம் வேண்டினோர் எத்துணையர், சேர்ந்தோர் எத்துணையர், அவருள் பெண்பாலார் எத்துணையர், உதவித்தொகை பெறுவோர் எத்துணையர் என்னும் அனைத்துக்கும் ஏடு உண்டு. அவ்வேட்டைத் திறந்து காட்ட ஆளும் உண்டு. அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு என ஒன்று 2010-11ஆம் கல்வியாண்டு தொட்டு நடந்து வருகின்றது. சேர்ந்தோர், தேறியோர், கற்பிப்போர், கட்டடம் என யாவும் அதில் அடங்கும். ஆனால், மூன்றாண்டு படித்துப் பட்டத்தைச் சுருட்டிக் கையிற் பிடித்துக்கொண்டு வாயிலைக் கடந்துபோன பிள்ளை அதன்பின் என்ன ஆனான், என்ன ஆனாள் என்று கேட்பது அக்கணக்கெடுப்பின் வேலையன்று. அவ்வேலை கல்லூரிகளிடமே விடப்பட்டுள்ளது. எவருடைய நற்பெயர் அவ்விடையைப் பொறுத்ததோ, அவரிடமே கேள்வியையும் கொடுத்து விடையையும் எழுதச் சொல்லியிருக்கின்றோம்.

தேர்வெழுதிய மாணாக்கனே தன் விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண் இட்டுக்கொள்ளலாம் என்று எந்தப் பள்ளியிலேனும் ஒப்புவார்களா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பருவத்தேர்விற்கே மேற்பார்வைக்கு வேற்று வகுப்பாசிரியரை அனுப்புகின்றோம். பல்லாயிரம் குடும்பங்கள் நிலத்தை ஒற்றிவைத்தும் நகையை அடகுவைத்தும் பிள்ளையைச் சேர்க்கும் கல்லூரியைப் பற்றிய முதன்மையான செய்தியில் மட்டும் அந்த விழிப்பு நமக்கு இல்லை.

நடுவணரசு 2015ஆம் ஆண்டு செப்தம்பரில் உயர்கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் அமைப்பொன்றைத் தொடங்கியது. என்.ஐ.ஆர்.எப். என்று ஆங்கிலத் தலைப்பெழுத்துகளால் வழங்குவது அதுவே. 2016இல் முதற்பட்டியல் வெளிவந்தது. ஐந்து தலைப்புகளின் கீழ் மதிப்பெண் இடுகின்றனர்; அவற்றுள் ஒன்று, பட்டம் பெற்றோர் அடைந்த விளைவு. கல்லூரிகளுக்கான பட்டியலில் முதல் நூறு இடங்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தமிழ்நாட்டுக் கல்லூரிகளுடையது என்பதை நாமெல்லாரும் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம். அப்பெருமை பொய்யென்று நான் சொல்லவில்லை. நம் கல்லூரிகள் பலவற்றின் உழைப்பு உண்மையான உழைப்பு. ஆனால், அப்பட்டியலுக்குப் போகும் படிவத்தை எடுத்துப் படித்தோர் நம்முள் எத்தனை பேர்?

நான் படித்திருக்கின்றேன். பங்குகொள்ளும் நிறுவனங்கள் தாம் அளித்த தரவைத் தம் இணையப் பக்கத்திலும் வெளியிட்டு வைத்தல் வேண்டும் என்பது முறை. ஆகலின் எவரும் படிக்கலாம். ஓராண்டிற் சேர்ந்தோர் எத்தனை பேர். உரிய காலத்திற் படிப்பை முடித்தோர் எத்தனை பேர். வேலையில் அமர்ந்தோர் எத்தனை பேர். அவ்வாறு அமர்ந்தோரின் ஆண்டுச் சம்பளத்தின் இடைநிலை அளவு எவ்வளவு. மேற்படிப்பிற்குத் தேர்வானோர் எத்தனை பேர். இவ்வளவே. சம்பளத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கின்றனர், காசோலையிற் குறிப்பது போல. அத்துணைக் கண்டிப்பு! ஆனால், வேலையிலும் அமராமல், மேற்படிப்பிற்கும் போகாமல் நிற்கும் பிள்ளைக்கு அப்படிவத்திற் கட்டம் இல்லை. முடித்தோர் தொகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் எஞ்சுகின்ற எண்ணாக மட்டுமே அவன் அங்கு இருக்கின்றான். அக்கழித்தலைப் படிப்பவர்தாம் செய்துகொள்ளல் வேண்டும்.

சரி, அக்கட்டங்கள் எவ்வாறு நிரப்பப்படுகின்றன? என்னிடம் பள்ளியிற் பயின்று, முனைவர் பட்டம் பெற்று, இன்று ஒரு கல்லூரியில் தமிழ்த்துறை ஆசிரியராய் உள்ள மாணவர் ஒருவர் இதனை எனக்கு விளக்கினார். அவர் துறையில் ஆசிரியர் ஒருவர்க்கு முப்பது மாணாக்கர் என்று பங்கிட்டுத் தந்துவிடுவார்களாம். இறுதியாண்டுத் தேர்வு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வருகின்ற நாளிற் பாதி வேலை நடக்கும். படிவம் ஒன்றை நீட்டி, "நிரப்பிக் கொடுத்தாற்றான் சான்றிதழ்" என்பர். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழிலக்கியம் பயின்ற பிள்ளை, தன் பிற்கால வாழ்க்கையைப் பற்றிய வினாவை ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றாள். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்த விடை ஒன்றே: "இன்னும் தெரியவில்லை." அவ்விடைக்குக் கட்டம் இல்லை என்பதால் 'மேற்படிப்பு' என்னும் இடத்திற் குறியிட்டுவிட்டுப் போகின்றாள். மீதியைத் தொலைபேசியில் முடிக்கின்றனர். எண் மாறிப்போயிருக்கும், தந்தை எடுப்பார், "பொண்ணு வீட்டுலதான் இருக்கா சார்" என்பார். பெண் வீட்டில் இருக்கிறாள் என்பதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

"ஐயா, சான்றும் வைக்கவேண்டும் என்கின்றார்கள். வேலைக்குப் போனவன் பணியாணைப் படி தரவேண்டும். படிக்கப் போனவள் அக்கல்லூரி அடையாள அட்டைப் படி தரவேண்டும். தாள் இருந்தால் எண்ணிக்கை, தாள் இல்லாவிட்டால் ஆளே இல்லை" என்றார் அம்மாணவர்.

இதனைச் சற்று நிறுத்தி எண்ணிப்பார்க்க வேண்டும். சான்று கேட்பது தவறன்று. பொய்க்கணக்கைத் தடுக்கவே கேட்கின்றனர். ஆனால், எந்த வேலைக்குத் தாள் கிடைக்கின்றது, எந்த வேலைக்குக் கிடைப்பதில்லை? திருப்பூரிற் பின்னலாடைக் கூடத்தில் எண்ணிக்கைக் கூலிக்குத் தைக்கின்றவனுக்கும், அங்கேயே கணக்கெழுதுகின்றவனுக்கும் பணியாணை தருவோர் எத்தனை பேர்? சென்னைத் துணிக்கடையின் மூன்றாம் மாடியில் நின்றபடியே பன்னிரண்டு மணிநேரம் சேலை விரித்துக் காட்டுகின்ற இளங்கலைக்காரிக்கு எவர் தாள் தருகின்றார்? தந்தையின் இரண்டு காணி நிலத்தில் இறங்கியவன், தாய்மாமனின் பட்டறையிற் சேர்ந்தவன், தறியில் உட்கார்ந்தவன், இவர்களெல்லாரும் உழைக்கின்றனர்; உண்கின்றனர்; வீட்டிற்கும் கொடுக்கின்றனர். கணக்கில் அவர்கள் இல்லை. மாறாக, வளாகத் தேர்வில் ஒரு மடலைக் கையில் வாங்கியவன், அந்நிறுவனத்தில் ஒருநாளும் கால் வைக்காவிடினும், கணக்கில் 'அமர்ந்தவன்' ஆகிவிடுகின்றான். 2022ஆம் ஆண்டிற் பணிமடல் பெற்ற பொறியியற் பட்டத்தாரைப் பெருநிறுவனம் ஒன்று ஏறத்தாழ ஈராண்டு காக்கவைத்த செய்தி நாளேடுகளில் வந்ததே, நினைவிருக்கின்றதா? அவ்விரண்டாண்டும் அப்பிள்ளைகள் வேலையில் இருந்தனரா, இல்லையா? படிவத்தைக் கேட்டால் இருந்தனர். அவர்தம் வீட்டைக் கேட்டால் விடை வேறு.

'வேலைவாய்ப்பு' என்னும் சொல்லையே பாருங்கள். வாய்த்தல் என்றால் கைகூடுதல். மழை வாய்த்தது, மகன் வாய்த்தான் என்றால் கைக்கு வந்து சேர்ந்தது என்றே பொருள். இன்றோ, வாய்ப்பு என்பது கைகூடினாலும் கூடலாம், கூடாமலும் போகலாம் என்னும் அளவிற்குத் தேய்ந்துவிட்டது. சொல்லின் தேய்வை மொழிநூலார் பார்த்துக்கொள்ளட்டும். கல்லூரி வாயிலிற் கட்டும் துணிப்பதாகைகளில் 'வேலைவாய்ப்பு பெற்றோர்' என்று அச்சிடும்போது எந்தப் பொருளில் அச்சிடுகின்றனர் என்பதே என் வினா.

மேற்படிப்புக் கட்டத்தின் கதை இன்னும் நுட்பமானது. வேலை கிடைக்காத கரணியத்தாலேயே மேலே படிப்பவர் நம் பிள்ளைகளுட் பலர். இளங்கலை முடித்தவள் அதே கல்லூரியில் முதுகலையிற் சேர்கின்றாள். அது இளங்கலைத் துறையின் வெற்றியாகப் பதியப்படுகின்றது. முதுகலை முடித்துக் கல்வியியலிற் சேர்கின்றாள். அது முதுகலைத் துறையின் வெற்றி. அதை முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுகின்றாள். 2012 முதல் நடக்கும் அத்தேர்வில் தேறினாலும் தகுதிதான் கிடைக்குமேயன்றிப் பணி கிடைத்துவிடாது. ஏழாண்டுகளில் இரண்டு ஏடுகளில் வெற்றியாய் எழுதப்பட்ட அப்பெண், எட்டாம் ஆண்டில் மாவட்ட நூலகத்தின் படிப்பறையிற் பொது அறிவு வினாவிடை நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றாள். அந்த எட்டாம் ஆண்டைக் கேட்பார் எவருமில்லை. படிவம் கேட்கும் ஆண்டு எப்போதோ கடந்துபோயிற்று.

அந்தப் படிப்பறைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2024ஆம் ஆண்டு சூனில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்விற்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. அவற்றிற்கு வேண்டியோர் 20 இலக்கத்திற்கும் மேல். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்னும் அத்தேர்விற்கு இளங்கலையரும் முதுகலையரும் பொறியியலாரும் திரண்டு வருகின்றனர் என்பதைத் தேர்வு மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியர் எவரும் அறிவர். தேர்விற்குப் படித்தல் என்பதே இன்று தமிழ்நாட்டுப் பட்டம் பெற்றோர் செய்யும் பெருந்தொழில்களுள் ஒன்று. கூலியில்லாத் தொழில், ஐந்தாண்டும் ஆறாண்டும் நீளும் தொழில். எந்தக் கல்லூரியின் படிவத்திலும் அத்தொழிலுக்குப் பெயரில்லை.

இனிச் சம்பளக் கணக்கு. இடைநிலை அளவு என்பது, சம்பளங்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாய் நிறுத்தி நடுவில் நிற்பதைச் சுட்டுவது. ஒருவர் மட்டும் பெருந்தொகை வாங்கினால் கூட்டிப் பகுக்கும் கணக்கு ஏமாற்றிவிடும். இடைநிலை அளவு அவ்வாறு ஏமாறாது. ஆகவே அதனைத் தேர்ந்தது அறிவுடைய செயலே. ஆனால், எவரெவரை வரிசையில் நிறுத்துகின்றனர்? வேலையில் அமர்ந்தோரை மட்டும். எடுத்துக்காட்டாக ஒரு கல்லூரியில் நூற்றுவர் பட்டம் முடித்தனர் என்க. பதினொருவர் வேலையில் அமர்ந்தனர். நால்வர் மேற்படிப்பிற்குப் போயினர். அப்பதினொருவரை வரிசையாய் நிறுத்தினால் ஆறாமவர் பெறுவது ஆண்டிற்கு மூன்று இலக்கம் உருபா. படிவத்தில் மூன்று இலக்கம் என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதப்படும். அதிற் பொய் ஒரு துளியுமில்லை. சேர்க்கைக் காலத்தில் அம்மூன்று இலக்கம் துணிப்பதாகையிற் பெரிதாய் ஏறும். எஞ்சிய எண்பத்தைவரை எவர் பதாகையில் ஏற்றுவார்? மகளோடு வந்து நிற்கும் தந்தை அதைப் படித்துவிட்டு, இங்குப் படித்தால் மாதம் இருபத்தையாயிரம் என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு போகின்றார். சம்பளம் என்னும் சொல், நெல்லையும் உப்பையும் கூலியாய் அளந்து கொடுத்த காலத்துச் சொல் என்று விளக்குவர். அளந்து கொடுத்ததைக் கண்ணாற் கண்டு வாங்கினர் அக்காலத்தார். ஏட்டுச் சுரைக்காயை அளந்து வாங்கும் நிலை அவர்களுக்கு இல்லை.

கல்லூரிகள் எல்லாம் பொய்யெழுதுகின்றன என்பது என் குற்றச்சாட்டன்று. ஆனால், அளிக்கும் தரவை அளிப்பவரே ஆக்குகின்றார் என்னும்போது ஐயம் எழாதிருக்குமா? எழுந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் சென்னை உயர்முறை மன்றத்தின் மதுரைக் கிளையில், நிறுவனங்கள் தரும் தரவைச் சரிபாராமலே தரவரிசை வெளியிடப்படுகின்றது என்று வழக்குத் தொடுக்கப்பட்டு, அவ்வாண்டுப் பட்டியலுக்கு இடைக்காலத் தடையும் விதிக்கப்பட்டது. பின்னர் செப்தம்பரிற் பட்டியல் வெளிவந்துவிட்டது. வழக்கு முடிந்தது, ஐயம் முடியவில்லை. இக்கணக்கில் நேர்மையாய் எழுதும் கல்லூரிக்கே இழப்பு மிகுதி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நூற்றுக்கு எண்பத்தைவர் நிலை தெரியவில்லை என்று உள்ளபடி எழுதும் முதல்வர், தம் கல்லூரியைத் தாமே கீழிறக்குகின்றார். மெய் சொல்பவனைத் தண்டிக்கும் ஏற்பாட்டில் எத்தனை நாள் மெய் நிற்கும்?

இத்தகைய ஏற்பாட்டைப் பிரித்தானியரும் வைத்திருந்தனர். ஆங்கிலேயன் செய்ததாலேயே ஒன்று நன்று என்னும் அடிமை மனம் நமக்கு இல்லை. எனினும் அவன் தன் வீட்டிற் கண்டு திருத்திக்கொண்ட குறையை நாம் நம் வீட்டிற் பேணி வளர்க்க வேண்டுவதில்லை. அங்கே 2002-03 முதல் 2016-17 வரை பட்டம் பெற்றோரைப் பல்கலைக்கழகங்களே, படிப்பு முடிந்து ஏறத்தாழ ஆறு திங்களில் தொடர்பு கொண்டு, என்ன செய்கின்றீர் எனக் கேட்டுத் தொகுத்து, உயர்கல்விப் புள்ளிக்கணக்கு முகமையிடம் அளித்து வந்தன. 2017-18இற் பட்டம் பெற்றோர் முதற்கொண்டு அதனை மாற்றிவிட்டனர். இன்று அங்குக் கேட்பது பல்கலைக்கழகம் அன்று. நாடு முழுமைக்குமான ஒரு நடுவமே கேட்கின்றது. பல்கலைக்கழகத்தின் வேலை, பட்டம் பெற்றோரின் தொடர்பு எண்ணையும் முகவரியையும் சரியாக ஒப்படைப்பதோடு முடிகின்றது. ஆறு திங்கள் என்பதும் பதினைந்து திங்களாயிற்று. அலைந்து திரிந்து ஒருவாறு நிலைகொள்ள அத்துணைக் காலமேனும் வேண்டும் என்பதால். வேலையும் சம்பளமும் மட்டுமன்றி, நீ செய்வது உனக்குப் பொருளுடையதாய்த் தோன்றுகின்றதா, உன் எதிர்கால எண்ணத்தோடு பொருந்துகின்றதா, கற்றது அதிற் பயன்படுகின்றதா என்னும் மூன்று வினாக்களையும் கேட்கின்றனர்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. முன்பு முழுநேரம் பயின்ற உள்நாட்டாருள் நூற்றுக்கு எண்பதின்மரிடம் விடை பெறவேண்டும் என்பது இலக்கு. நடுவம் கேட்கத் தொடங்கிய பின் ஏறத்தாழப் பாதியளவினரோ அதனினும் குறைந்தோரோதான் விடையளிக்கின்றனர். தெரிந்த ஆசிரியர் கூப்பிட்டாற் பேசுகின்ற பிள்ளை, தெரியாத எண்ணை எடுப்பதில்லை. இது எந்நாட்டிற்கும் பொது. ஆயினும், தனக்கு ஆதாயமில்லாதவர் தொகுத்த பாதிக் கணக்கு, ஆதாயமுடையவர் தொகுத்த முழுக்கணக்கினும் மேல் என்று நான் கருதுகின்றேன்.

அக்கணக்கெடுப்பில் நம் நெஞ்சைத் தொடுகின்ற செய்தி ஒன்றுண்டு. அதன் வினாப்படிவம் ஆங்கிலத்தில் மட்டுமன்றி வேல்சு மொழியிலும் கிடைக்கின்றது. 2021ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி வேல்சு நாட்டில் அம்மொழி பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர். நம் பெருநகர் ஒன்றின் ஒரு பகுதியிலேயே அத்தனை தமிழர் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மொழிக்கு அங்கே அலுவல் நிலை வழங்கப்பட்டது. அதன்பின், "உன் வாழ்க்கை எப்படி இருக்கின்றது" என்னும் வினாவை அவன் தன் தாய்மொழியிற் கேட்டுத் தன் தாய்மொழியில் விடைசொல்கின்றான். ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழிக்கு உரிய நாட்டில், தமிழ்த்துறையிலேயே பட்டம் பெற்றவளிடம் ஆங்கிலப் படிவம் நீட்டப்படுகின்றது. மொழி மானத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கணக்கின் செம்மையை மட்டுமே எண்ணிப் பார்த்தாலும் இது பிழை. புரியாத வினாவிற்குக் கிடைக்கும் விடை கணக்கில் ஏறத்தக்கதன்று.

ஒரு தீங்கையும் சொல்லாமல் விடுவது முறையன்று. கணக்கு, கையிற் சாட்டையாகவும் மாறும். 2023ஆம் ஆண்டு சூலையில் இங்கிலாந்து அரசு, பயின்றோர்க்கு நல்ல விளைவு தராத படிப்புகளிற் சேர்க்கைக்கு வரம்பு கட்டப்போவதாய் அறிவித்தது. சம்பளத்தால் மட்டும் அளந்தால் இலக்கியமும் மெய்யியலும் வரலாறும்தாம் முதலில் அடிபடும். இங்கும் தமிழ்த்துறைகளை மூடுதற்குச் சாக்குத் தேடுவோர் கையில் நாமே கோலை எடுத்துக் கொடுப்பதாகாதா என்று அன்பர் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆனால், கணக்கின்றியே அவர்கள் சாட்டை வீசிக்கொண்டுதான் இருக்கின்றனர் என்பதை எண்ணுக. "தமிழ்வழிப் படித்தால் வேலை கிடைக்காது" என்பதை எந்தப் புள்ளிக்கணக்கிலிருந்து எடுத்தனர்? தெருமுனையிற் சொல்கின்றனர், உறவினர் வீட்டுத் திருமணத்திற் சொல்கின்றனர், அதைக் கேட்டுப் பெற்றோர் பிள்ளையை மாற்றுகின்றனர், பிள்ளை குறைந்தது என்று பிரிவை மூடுகின்றனர்.

2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு, தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப்பணி அமர்த்தங்களில் நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமையாய் ஒதுக்கிச் சட்டம் செய்தது. தொடக்கப்பள்ளி முதலே தமிழ்வழிப் பயின்றிருத்தல் வேண்டும் என 2020இல் அது திருத்தப்பட்டது. அதே 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கியது. பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்பிள்ளைகள் எங்கெங்கு உளர், எந்தப் பணியில் உளர், தமிழிற் கற்றது அவர்க்குத் தடையாயிற்றா, துணையாயிற்றா என்பதை அவர்களிடமே கேட்டு எழுதிய ஏடு ஒன்று இருந்திருப்பின், தெருமுனைப் பேச்சிற்கு அதனைத் திறந்து காட்டியிருக்கலாம். தரவரிசைப் படிவத்திற் பயிற்றுமொழி என்றொரு கட்டம் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி நடுவணரசிடம் கையேந்தி நிற்பதைவிட, நம் மாநிலமே தனிக் கணக்கெடுப்பைத் தொடங்குவது எளிது. விடை கசப்பாய் வந்தாலும் வரட்டும்; எங்கே கசக்கின்றது என்று தெரிந்தாற்றானே மருந்திட முடியும்?

முடியுமா என்று கேட்போர்க்கு ஒன்று சொல்வேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் கல்லூரியிற் சேர்ந்தனரா எனத் தொலைபேசியிற் கேட்டறியும் பணியைப் பள்ளி ஆசிரியராகிய நாங்கள் இன்று செய்துகொண்டுதான் இருக்கின்றோம். 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 2023 முதல் நடைபெறும் 'உயர்வுக்குப் படி' நிகழ்ச்சிகள், சேராது நின்ற பிள்ளைகளைப் பெயர்வாரியாய்த் தேடிப்பிடித்துச் சேர்ப்பதற்கென்றே அமைந்தவை. எங்களுக்கு இது கூடுதற் சுமைதான், முணுமுணுத்துக்கொண்டேதான் செய்கின்றோம். ஆனால், "அப்பன் தவறிட்டாரு ஐயா, நான் செங்கற் சூளைக்குப் போறேன்" என்று ஒரு பிள்ளை தமிழிற் சொல்லும்போது, அது எங்கள் பள்ளியின் தரத்தை உயர்த்துமா தாழ்த்துமா என்று நாங்கள் எண்ணுவதில்லை. அவனை எங்குச் சேர்க்கலாம் என்றே எண்ணுகின்றோம். கேட்கும் நோக்கம் அதுவாயிருப்பின் கணக்கும் மெய்யாகவே வரும்.

பள்ளி முடித்தவனை இவ்வாறு தேடும் அரசு, கல்லூரி முடித்தவனையும் தேடலாம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மாநில உயர்கல்வி மன்றமோ, அரசின் புள்ளியியல் துறையோ இதனை ஏற்கட்டும். கல்லூரிகள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பிள்ளைகளின் ஒப்புதலோடு ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளட்டும். ஒன்றேகால் ஆண்டு கழித்து ஒருமுறையும், ஐந்தாண்டு கழித்து மறுமுறையும் தமிழிற் கேட்கட்டும். உழவு, தறி, கடை, பட்டறை, வீட்டுவேலை, தேர்விற்குப் படித்தல், வெளிநாடு போதல், ஒன்றும் அமையாமை என உள்ளவற்றுக்கெல்லாம் உள்ளபடி பெயர் வைக்கட்டும். தாளில்லாத வேலையும் வேலையே என எழுதட்டும். ஆளின் பெயரை மறைத்து, கல்லூரியின் பெயரையும் துறையையும் பயிற்றுமொழியையும் வெளியிடட்டும். இந்த எண்ணைக் கொண்டு எந்தத் துறையையும் மூடலாகாது என்பதையும் அதே ஆணையில் எழுதிவிடுவது நலம். எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும்.

அதுவரை வாளாவிருக்க வேண்டுவதில்லை. வருகின்ற மே திங்களில் உங்கள் தெருவிற் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையின் பெற்றோர் எந்தக் கல்லூரி என்று கேட்டு வந்தால், அக்கல்லூரியின் இணையப் பக்கத்திலுள்ள தரவுத்தாளை அவர்முன் திறந்து வையுங்கள். படிப்பை முடித்தோர் தொகையை எழுதி, அதிலிருந்து வேலையில் அமர்ந்தோரையும் மேற்படிப்பிற்குப் போனோரையும் கழித்துக் காட்டுங்கள். எஞ்சிய எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, சேர்க்கை நாளன்று கல்லூரி முதல்வரிடம் அதனைக் காட்டி, "இவர்கள் எங்கே ஐயா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.